இரத்தம் நின்றாலும் மருந்து நிற்கக் கூடாது



வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் வருவதுதான். கெட்ட தண்ணீர் குடித்தால் வரும். ஈ மொய்த்த பண்டம் தின்றால் வரும். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.

ஆனால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வாரக் கணக்கில் நீடிக்கிறது. மலத்தோடு இரத்தம் வருகிறது. சளியும் வருகிறது. ஒரு நாளில் எட்டு முறை, பத்து முறை ஓட வேண்டியிருக்கிறது. நடு இரவிலும் எழ வேண்டியிருக்கிறது. போய் வந்த பிறகும் இன்னும் மீதி இருப்பது போலத் தோன்றுகிறது. உடம்பு இளைக்கிறது. முகம் வெளுக்கிறது.

இது என்ன நோய்? இதற்கு மருந்து உண்டா? என்ன சாப்பிடலாம்? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

குடலில் என்ன நடக்கிறது?

நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. அது நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போராடும். ஊர்க் காவல்காரர் திருடனைப் பிடிப்பது போல என்று சொல்லலாம். அந்தக் காவல்காரரே வீட்டுக்காரரை அடித்தால் எப்படி இருக்கும்? இந்த நோயில் அதுதான் நடக்கிறது. காவல் படை சொந்தக் குடலையே தாக்குகிறது. குடலின் உட்பக்கம் சிவந்து வீங்குகிறது. புண் ஆகிறது. அதிலிருந்து இரத்தம் கசிகிறது.

இந்த நோயில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை பெருங்குடலில் மட்டும் வரும். இதை மருத்துவர்கள் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்பார்கள். பெருங்குடல் புண் நோய் என்று நாம் சொல்லலாம். இன்னொரு வகைக்குக் 'கிரோன் நோய்' என்று பெயர். அது குடலின் எந்தப் பகுதியிலும் வரலாம்.

இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. யாருடைய சாபமும் அல்ல. செய்வினையும் அல்ல. ஏன் வருகிறது என்பது முழுவதும் தெரியவில்லை. ஆனால் எப்படி அடக்கி வைப்பது என்று தெரியும்.

இது மேலை நாட்டார் நோய் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். அது சரியல்ல. பஞ்சாப் மாநிலத்தில் மருத்துவர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். 51,910 பேரை விசாரித்தார்கள். அவர்களில் 23 பேருக்குப் பெருங்குடல் புண் நோய் இருந்தது. இந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. லட்சம் பேரில் 44 பேர் என்று கணக்காகிறது. இந்தியாவில் லட்சம் பேர் வாழும் ஊர்கள் எத்தனை! எண்ணிப் பாருங்கள்.

மூலம் என்று முடிவு கட்டலாமா?

மலத்தில் இரத்தம் வந்தால் பலரும் மூலம் என்கிறார்கள். உடம்புச் சூடு என்கிறார்கள். வெட்கப்பட்டு வெளியில் சொல்வதில்லை. பெண்கள் வீட்டாரிடம் கூடச் சொல்வதில்லை. இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மூலத்தில் பெரும்பாலும் மலம் இறுகி இருக்கும். இரத்தம் தனியாகச் சொட்டும். குடல் புண்ணில் மலம் இளகி இருக்கும். இரத்தமும் சளியும் அதில் கலந்து வரும். ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. சோதனை செய்தால்தான் தெரியும்.

சீதபேதிக் கிருமியாலும் இரத்தம் போகலாம். ஆகவே முதலில் மலத்தைச் சோதிப்பார்கள். இரத்தத்தையும் சோதிப்பார்கள். பிறகு மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். அதன் முனையில் விளக்கும் கேமராவும் இருக்கும். ஊசி முனை போன்ற சிறு சதைத் துணுக்கை எடுத்தும் சோதிப்பார்கள். பயப்பட வேண்டாம். இது அறுவைச் சிகிச்சை அல்ல.

இந்தச் சோதனை நம் நாட்டில் மிகவும் முக்கியம். ஏன் தெரியுமா? காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. குடலிலும் வரும். குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் மருந்து வேறு. கிரோன் நோய்க்குத் தரும் சில மருந்துகள் காவல் படையை அடக்கும். காசநோய் உள்ளவருக்கு அவற்றைத் தந்தால் கிருமி பெருகும். உயிருக்கே ஆபத்து. எனவே பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். காசநோய் என்று தெரிந்தால், அதற்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது.

என்னென்ன மருந்துகள்?

இந்த நோயை வேரோடு நீக்கும் மாத்திரை இன்னும் வரவில்லை. ஆனால் நோயை அடக்கி வைக்க நல்ல மருந்துகள் உண்டு. சர்க்கரை நோய் போல, இரத்தக் கொதிப்பு போல இதையும் கட்டுக்குள் வைக்கலாம்.

பெருங்குடல் புண் நோய்க்கு முதலில் தருவது 'மெசாலமைன்' என்ற மருந்து. 'சல்பாசலசின்' என்ற பழைய மருந்தும் உண்டு. இவை குடல் புண்ணை ஆற்றும். மெசாலமைன் மாத்திரை குடலுக்குள் போய்க் கரைவதற்காகச் செய்யப்பட்டது. அதை உடைக்கக் கூடாது. கடிக்கவும் கூடாது. முழுதாக விழுங்க வேண்டும். சிலருக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தும் தருவார்கள். வெட்கப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள். அது புண் இருக்கும் இடத்துக்கே நேராகப் போகிறது.

நோய் கடுமையானால் 'ஸ்டீராய்டு' மருந்து தருவார்கள். 1955-ல் இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டீராய்டு மருந்தால் பலருக்கு நோய் அடங்கியதை அதில் காட்டினார்கள். எரியும் தீயை அணைக்கும் தண்ணீர் போன்றது இது. ஆனால் தீ அணைந்த பிறகும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தால் சுவர் இடிந்துவிடும். ஸ்டீராய்டு மருந்தை அதிக நாள் சாப்பிட்டால் முகம் வீங்கும். சர்க்கரை ஏறும். எலும்பு பலம் இழக்கும். அதே சமயம் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கடையில் பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கக் கூடாது.

வேறு சிலருக்கு 'அசதியோப்ரின்' என்ற மாத்திரை தருவார்கள். இதைச் சாப்பிடும்போது சொன்ன தேதியில் இரத்தச் சோதனை செய்தே ஆக வேண்டும். திடீரென்று முடி கொட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

உடம்பு வலிக்கு 'டைக்ளோபினாக்', 'ஐபுப்ரோபன்' மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இவை குடல் நோயைக் கிளப்பிவிடலாம்.

நடுவில் நிறுத்தினால் என்ன?

பஞ்சாபில் கோதுமை வயலில் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். மருந்து சாப்பிட்டாள். ஒரே மாதத்தில் இரத்தம் நின்றது. பசி வந்தது. வேலைக்குப் போனாள். "நோய்தான் போய்விட்டதே! இனி எதற்கு மாத்திரை? அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கலாம்" என்று நினைத்தாள். மாத்திரையை நிறுத்தினாள். மூன்று மாதம் ஒன்றும் இல்லை. நான்காம் மாதம், அறுவடை நேரத்தில், நோய் மறுபடி கிளம்பியது. கூலி போயிற்று. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கு செலவானது.

அவள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஏழை வீட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு. ஆனால் ஓர் உண்மை அவளுக்குத் தெரியவில்லை. இரத்தம் நின்றது நோய் போனதால் அல்ல. மருந்து நோயை அடக்கி வைத்ததால்தான்.

அமெரிக்காவில் நோய் அடங்கியிருந்த 99 பேரை மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். மெசாலமைன் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. இந்த முடிவும் 2003-ல்தான் வெளிவந்தது.

செலவைக் குறைக்க வழி உண்டு. அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மக்கள் மருந்தகத்தில் விலை குறைந்த மருந்து கிடைக்குமா என்று விசாரியுங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற, ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-ல் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உதவி உண்டு.

என்ன சாப்பிடலாம்?

உணவு மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல. "கசாயம் குடி, மாத்திரையைத் தூக்கி எறி" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

நோய் கிளம்பி இருக்கும்போது குடல் புண்ணாக இருக்கிறது. அப்போது எளிதில் செரிப்பதைச் சாப்பிட வேண்டும். குழைந்த சோறு, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த கிச்சடி, இட்லி, மோர், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, சுரைக்காய் ஆகியவை நல்லது. முட்டையும் மீனும் சாப்பிடுபவர்கள் அவற்றை வேகவைத்துச் சாப்பிடலாம். மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதை விட ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

காரம், எண்ணெயில் பொரித்த பண்டம், பச்சைக் காய்கறி, தோலோடு கூடிய கொண்டைக்கடலை, மக்காச்சோள ரொட்டி ஆகியவற்றை அந்த நாட்களில் தள்ளி வையுங்கள். பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் தயிர், மோர் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

வயிற்றுப்போக்கு அதிகமானால் உடம்பில் நீர் வற்றும். கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர் எடுங்கள். ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து குடியுங்கள்.

நோய் அடங்கிய பிறகு வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பயந்து பயந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டால் உடம்பு இளைக்கும். இரத்தம் குறையும். புகை பிடிப்பதை மட்டும் அடியோடு விடுங்கள். அது கிரோன் நோயை முற்ற வைக்கும்.

ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத உணவு இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளும். இதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் எழுத்து உதவுகிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினமும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்.

தேதி.
சாப்பிட்ட உணவு.
எத்தனை முறை வெளியே போனது, இரத்தம் உண்டா இல்லையா.
மாத்திரை சாப்பிட்டாயிற்றா.

ஒரு மாதம் எழுதினால் போதும். எந்த உணவு தொந்தரவு தருகிறது என்று தெரிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது நோட்டைக் காட்டுங்கள். அவருக்கும் அது உதவும்.

வீட்டாரும் ஊராரும் செய்ய வேண்டியது

இந்த நோயாளிக்கு அவசரம் சொல்லாமல் வரும். அடக்க முடியாது. வீட்டில் கழிப்பறை இல்லாத பெண், இருட்டும் வரை காத்திருக்க முடியுமா? அதனால் அவள் சாப்பிடாமலே இருந்துவிடுகிறாள். ஆகவே வீட்டுக்குக் கழிப்பறையும் ஒரு மருந்துதான். வேலை செய்யும் இடத்திலும் பள்ளியிலும் அது வேண்டும்.

இந்த நோய் உள்ளவர்கள் திருமணம் செய்துகொள்ளலாம். குழந்தை பெறலாம். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. கர்ப்பம் என்று தெரிந்ததும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஒரே நாளில் ஆறு முறைக்கு மேல் இரத்தம் போகிறதா? கூடவே காய்ச்சல், படபடப்பு, மயக்கம் இருக்கிறதா? வயிறு உப்பியிருக்கிறதா? காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெருங்குடல் புண் நோய் வந்து எட்டு ஆண்டு ஆனவர்கள், தொந்தரவு இல்லாவிட்டாலும் குழாய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். நீண்ட நாள் புண் சிலருக்குப் புற்றுநோய் ஆகலாம். முன்பே கண்டால் காப்பாற்றலாம்.

நண்பர்களே! மலத்தில் இரத்தம் வந்தால் மறைக்காதீர்கள். இரத்தம் நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். உங்கள் தெருவில் இப்படித் துன்பப்படுபவர் யாராவது இருந்தால், இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.