மருத்துவக் காப்பீடும் முன்பே உள்ள நோயும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஊரில் தனித்திருக்கும் பெற்றோரை அழைத்துவந்து உடன் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெருகி வருகிறது. முதியவர் ஒரு பெட்டியுடனும் ஒரு மருந்துப் பையுடனும் ரயிலை விட்டு இறங்குகிறார். பெட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மருந்துப் பையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நம் தந்தையார் அவ்வாறு தில்லிக்கு வந்தவர். நாம் மத்திய அரசு ஊழியர். 1954-இல் தில்லியில் தொடங்கப்பெற்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டம் ஊழியரையும் அவரைச் சார்ந்து வாழ்வோரையும் காக்கிறது. ஆயினும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான தந்தையாரின் ஓய்வூதியம், 'சார்ந்து வாழ்வோர்' என்பதற்கு அத்திட்டம் வகுத்துள்ள வருமான வரம்பைக் கடந்திருந்தது. ஆகவே தனியார் நிறுவனம் ஒன்றில் அவருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தோம்.

வீட்டிற்கு வந்த முகவர் நல்லவராகவே தோன்றினார். ஆங்கிலப் படிவத்தை அவரே நிரப்பினார். தந்தையார் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பதைச் சொன்னோம். இந்த வயதில் அது எல்லோருக்கும் உள்ளதுதான், எழுதினால் வீண் தொல்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு, 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். பகலெல்லாம் படிவங்களையும் விதிகளையும் மொழிபெயர்த்துப் பிழைக்கும் நாம், அந்தப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டோம்.

இரண்டாம் ஆண்டில் தந்தையாருக்குப் பக்கவாதம் கண்டது. இரத்தக் கொதிப்பு எத்தனை நாளாக என்று மருத்துவர் கேட்டார். மருத்துவரிடம் மறைப்பவர் யார்? பன்னிரண்டு ஆண்டுகள் என்றோம். அது மருத்துவமனைக் குறிப்பில் ஏறிற்று. அக்குறிப்பையும் நம் படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த நிறுவனம், உண்மையை மறைத்ததாகக் கூறிப் பணம் தர மறுத்து, பாலிசியையும் ரத்துச் செய்தது. மகளின் கல்லூரிப் படிப்புக்கென வைத்திருந்த தொகை மூன்று வாரங்களில் கரைந்தது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டும் பயனில்லை. நம் கையெழுத்தே நமக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது.

முன்பே உள்ள நோய் என்றால் என்ன? பாலிசி தொடங்குவதற்கு முந்திய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அக்காலத்தில் அவர் ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்த நோய் என்பது இன்றைய விதி. நாள்தோறும் மாத்திரை உண்பவர் இதனுள் அடங்குவார். மாத்திரையால் நோய் கட்டுக்குள் இருப்பதால் நோயில்லை என்று ஆகிவிடாது. நம்மவர் பலர் சர்க்கரையை நோயென்றே கருதுவதில்லை. "கொஞ்சம் சர்க்கரை" என்பார்கள், காப்பியைப் பற்றிப் பேசுவதுபோல!

நோயை எழுதினால் காப்பீடே கிடைக்காது என்ற அச்சம்தான் மறைப்பதற்குக் காரணம். சில நிறுவனங்கள் மறுப்பது உண்மை. சில பிரீமியத்தை உயர்த்துவதும் உண்மை. ஏற்றுக்கொள்ளும் நிறுவனமோ, அந்த நோய்க்கு மட்டும் ஒரு காத்திருப்புக் காலம் விதிக்கும். முன்பு 48 மாதங்கள் வரை இருந்த இக்காலத்தை, 2024 ஏப்ரல் முதல் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாதெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்துள்ளது. அதற்கிடையில் வேறு நோய் வந்தால், முதல் 30 நாட்கள் கழிந்தபின் உதவி உண்டு. விபத்துக்கு அந்த 30 நாட்களும் தேவையில்லை. கண்புரை, குடலிறக்கம் போன்ற சிலவற்றிற்குத் தனிக் காத்திருப்பு இருக்கக்கூடும், பாலிசியில் பார்த்துக்கொள்ளவும்.

எழுதியவருக்குச் சட்டம் துணை நிற்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். அமெரிக்கா செல்லவிருந்த ஒருவர், தமக்கு நீரிழிவு உண்டென்று தெரிவித்தே பயணக் காப்பீடு எடுத்தார். அங்கே இறங்கியதும் மாரடைப்பு வந்தது. முன்பே இருந்த நோயின் விளைவு என்று நிறுவனம் பணம் தர மறுத்தது. நோயை அறிந்து பாலிசி வழங்கிய பின்னர் அதையே காட்டி மறுக்க இயலாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐந்தாண்டுகள் இடையறாது பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, எதையோ சொல்லாமல் விட்டதாக நிறுவனம் வாதிட முடியாது. 2024-க்கு முன் இது எட்டாண்டுகளாக இருந்தது. இதை நம்பி மறைத்துவிட்டுக் காத்திருப்போரும் உளர். நோய் ஐந்தாண்டு பொறுத்திருக்கும் என்று யார் உறுதி கூறுவர்?

ஊர் விட்டு ஊர் மாறும் நம்மவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வேலை தரும் நிறுவனத்தின் குழுக் காப்பீடு பல இடங்களில் முன்பே உள்ள நோயையும் முதல் நாளிலிருந்தே ஏற்கிறது. ஆனால் வேலையை விட்டால் அதுவும் போயிற்று. ஆகவே கையில் வேலை இருக்கும்போதே தனி பாலிசி ஒன்றும் தொடங்கிவிடுதல் நலம். ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பினால், புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாட்களேனும் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். மாறினாலும், காத்திருந்த மாதங்கள் பழைய காப்புத் தொகையளவில் கணக்கில் சேரும். தவணை தவறி பாலிசி அற்றுப்போனால் சேராது.

பாலிசி கைக்கு வந்ததும் அதனுடன் வரும் படிவ நகலை எடுத்து, மருந்துப் பையைத் திறந்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் உரிய நோய் படிவத்தில் உள்ளதா என்று பாருங்கள். ஆங்கிலம் அறியாத பெரியவராயின் வரிக்கு வரி தமிழில் சொல்லிக் கேட்கச் செய்யுங்கள். பிழையிருந்தால் எழுத்து மூலம் திருத்தக் கோரலாம். விருப்பமில்லையெனில் 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பியும் தரலாம்.

நம் தந்தையாருக்கு இரண்டு நிறுவனங்கள் மறுத்தபின் மூன்றாவது ஒன்று இசைந்தது. இம்முறை படிவத்தை நாமே நிரப்பினோம். இரத்தக் கொதிப்பு, பக்கவாதம் இரண்டையும் எழுதினோம். பிரீமியம் அதிகம்தான். காத்திருப்பில் இன்னும் பதினான்கு மாதங்கள் உள்ளன. வலக்கை இன்னும் வழங்காமையால், தந்தையார் மாதந்தோறும் இடக்கையால் நாட்காட்டியில் ஒரு கோடு இழுத்துவருகிறார்.