அடிபட்ட கை அடிக்காதிருக்கட்டும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் பணித்தார்கள். பிறருக்குப் புத்தி சொல்லும் முன் நம் நிலையைச் சொல்லிவிடுவதே முறை. நாம் அடிபட்டு வளர்ந்தவர்கள். தந்தையின் மிதிவண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்தவர்கள். பின்னாளில் நம் முதல் குழந்தையைச் செவிலியர் கையில் தந்தபோது, அதன் காதில் பாங்கு சொல்லவேண்டிய நாம் நம் கையையே பார்த்து நின்றோம். அது தந்தையின் கையைப் போலவே இருந்தது.

மகனுக்கு நான்கு வயதானபோது அஞ்சிய நாள் வந்தது. காக்களூரில் இரவு ஷிப்ட் முடித்துத் திருப்பாச்சூர் திரும்பிய காலை, அவன் பால் டம்ளரைக் கவிழ்த்தான். நம் கை ஓங்கியது. அவன் ஓடிக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

வெளியே சென்று ஒளுச் செய்தோம். கோபம் வந்தால் நின்றவர் உட்காரவேண்டும் என்ற நபிமொழி நினைவுக்கு வரவே, தரையில் அமர்ந்தோம். பிறகு குனிந்து, "வா கண்ணு, தப்பு அத்தாவுடையது" என்றோம். அவ்வொரு சொல்லை நம் தந்தையிடமிருந்து கேட்க நாம் எவ்வளவு ஏங்கியிருப்போம்!

பெரியோர்களே, இது ஒரு வீட்டுக் கதையன்று. 2007ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 சிறாரை விசாரித்தபோது, மூவரில் இருவர் உடல்ரீதியாக வதைபட்டதாகக் கூறினர். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனுமொரு வகைப் பாலியல் தொல்லைக்கும் ஆளாகியிருந்தனர். அவர்களுள் பலர் இன்று தாய் தந்தையர். சில தாய்மார்களுக்குப் பிரசவமும் பாலூட்டலுமே பழைய அச்சத்தைக் கிளறிவிடுகின்றன. அதனை நன்றிகெட்டதனம் என ஏசாதீர்கள்.

அடிபட்டவர் எல்லாம் அடிப்பவராக ஆவதில்லை. பெரும்பாலோர் அவ்வாறு ஆவதில்லை. நம்பத்தக்க ஒருவரிடம் தம் கதையைச் சொல்லி, அக்கொடுமை தம் குற்றமன்று என உணர்ந்தவருக்குச் சங்கிலியை அறுப்பது எளிதாகிறது. கணவன் மனைவியிடம் சொல்லட்டும். மனைவி கணவனிடம் சொல்லட்டும். மனம் தாளாதவர்களுக்கு 14416 என்ற அரசின் மனநல உதவி எண் உண்டு, தமிழிலேயே பேசலாம். கட்டணமில்லை.

இன்று துன்புறும் பிள்ளைக்கு 1098 உண்டு. குடும்ப மானம் என்று பாலியல் கொடுமையை மூடி மறைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மானம் பிள்ளையினுடையதும் அல்லவா?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக நபி (ஸல்) அவர்களிடம் பத்தாண்டுகள் பணி செய்தும், ஒருமுறைகூட 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை என அறிவித்துள்ளார்கள். அவ்வழி நமக்குத் தூரமாகத் தோன்றலாம். ஓங்கிய கையை இறக்குவதிலிருந்து தொடங்குவோம். நம் மகன் இப்போது கட்டிலுக்கடியில் ஒளிவது விளையாட்டுக்காக மட்டுமே. ஒவ்வோர் இல்லத்திலும் அவ்வாறே ஆக வல்ல அல்லாஹ் அருள்வானாக, ஆமீன்.