கருவின் பிடரியில் ஓர் அளவு

(கேமரன் மலை, திரிங்காப்பில் தோட்டக் குடும்பத்தினரிடையே ஆற்றிய உரை)



கரு தங்கியதை மூன்று மாதம் கடக்கும்வரை வெளியில் சொல்லலாகாது என்பது நம் குடும்பங்கள் பலவற்றில் வழங்கிவரும் பழக்கம். கண்ணேறு படும் என்ற அச்சம். அண்டை அயலாரிடம் சொல்ல வேண்டாம். மருத்துவத் தாதியிடம் மட்டும் மறைக்காதீர்கள். ஒரு சோதனைக்குரிய காலம் அம்மறைவிலேயே கழிந்துவிடுகிறது.

டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவிநிலையைப் பற்றியது அச்சோதனை. 1866இல் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் அதனை விவரித்தார். காரணம் 1959இல் பிரான்சில் வெளியாயிற்று: உயிரணுக்களில் 21ஆம் குரோமோசோம் இரண்டாக இராமல் மூன்றாக இருப்பதே அது. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததால் நேர்வதன்று. மருமகளின் குற்றமும் அன்று; மாமியார்கள் இதனைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

20 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,500 பிரசவங்களில் ஒன்று, 40 வயதில் ஏறத்தாழ 100இல் ஒன்று என்பது கணக்கு. ஆயினும் பிள்ளை பெறுவோரில் இளவயதினரே மிகுதியாதலால், வயதை மட்டும் பார்த்திருந்தால் பல கருக்கள் கவனத்திற்கு வாரா.

11ஆம் வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கருவின் பிடரித் தோலுக்கு அடியில் சிறிது நீர் தேங்கி நிற்கும். அல்ட்ராசவுண்டு கருவியால் அதன் தடிப்பை அளக்கலாம். அக்கருவி ஒலியலையால் இயங்குவது. எக்ஸ்ரே கதிர் அதில் இல்லை. தடிப்பு மிகுந்தால் குரோமோசோம் குறைக்கான வாய்ப்பும் மிகும் என்பதை 1992இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நிக்கொலாய்டிஸ் குழுவினர் எடுத்துக்காட்டினர். அளப்பது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குவரை. பயிற்சி பெற்ற கை வேண்டும். ஆதலின் எல்லா மருத்துவ நிலையங்களிலும் இது எடுக்கப்படுவதில்லை. எங்கே எடுப்பர் என்று கேட்டறியுங்கள்.

இது தீர்ப்பன்று, சலித்துப் பார்ப்பது மட்டுமே. தாயின் வயதோடு சேர்த்துக் கணித்தால் டவுன் கருக்களில் நான்கில் மூன்று அகப்படும், ஒன்று தப்பிவிடும். குறையற்ற கருக்களிலும் நூற்றுக்கு ஐந்து சல்லடையில் தங்கிவிடும். இரத்தச் சோதனையும் சேர்ந்தால் பத்தில் ஒன்பதுவரை அகப்படும். உறுதி செய்ய நஞ்சுத் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்து ஆராய வேண்டும். அதனால் கரு கலையும் அபாயம் சிறிதளவு உண்டு. செய்துகொள்வதா என்பது பெற்றோரின் முடிவு.

முன்னரே அறிவதன் பயன் என்ன என்பீர்கள். டவுன் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயக் குறை உண்டு. அறிந்திருந்தால் எங்கே பிரசவம், யார் கவனிப்பது என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். திரிங்காப்பிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு இறங்குவதே மலைப்பாதைப் பயணம். இருதய மருத்துவத்திற்கோ மலையை விட்டே செல்ல வேண்டும்.

மாதவிலக்குத் தவறிய உடனே, கடைசியாக வந்த நாளைக் குறித்துக்கொண்டு மருத்துவ நிலையம் செல்லுங்கள். வாரக் கணக்கு அந்நாளிலிருந்தே தொடங்குகிறது.