வடக்கே போன இருவர்



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குச் செல்லும் சாலையில் மாலை வேளையில் போகிறவர்களுக்கு மேற்கு மலைத்தொடர் வழித்துணையாக உடன் வரும். அச்சாலையோரத் தேநீர்க் கடைகளில் இந்நாளில் தமிழோடும் தெலுங்கோடும் இந்தியும் ஒடியாவும் நம் காதில் விழுகின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து நூற்பாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் வந்த இளைஞர்கள் பேசும் பேச்சு அது. 'இன்றைக்கு எத்தனை ஆள்?' என்று மேஸ்திரி கேட்கிறார். அவருடைய கணக்குக்கு எண்ணிக்கை போதும், பெயர் வேண்டியதில்லை. 'ஆள்' என்னும் நம் சொல்லுக்கு மனிதன் என்றும் பொருள் உண்டு. கூலிக்காரன் என்றும் பொருள் உண்டு. முதற்பொருளை மறந்து இரண்டாம் பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நம்மிடையே மிக எளிதாக நடந்துவிடுகிறது.

இம்மறதியைப் பற்றி எடுக்கப்பட்ட திரைப்படம் ஒன்றை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அதன் பெயர் 'எல் நோர்த்தே'. ஸ்பானிய மொழியில் 'வடக்கு' என்று பொருள். கிரெகரி நாவா என்னும் அமெரிக்க இயக்குநர், அன்னா தாமஸ் என்பவருடன் சேர்ந்து எழுதி 1983-இல் எடுத்த படம் இது. அதன் திரைக்கதை ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. போற்றிக் காக்கத்தக்க படங்களுக்கென்று அமெரிக்க நாட்டில் உள்ள பட்டியலில் 1995-இல் அது சேர்க்கப்பட்டது.

கதை தொடங்குமிடம் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா. ஸ்பானியர் அங்கு வந்து சேர்வதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லால் பெருநகரங்கள் எடுத்து, விண்மீன்களைக் கணித்து, எழுத்தும் கண்ட மாயா மக்களின் வழித்தோன்றல்கள் அந்நாட்டு மலைச்சிற்றூர்களில் இன்றும் வாழ்கின்றனர். நிலமோ பெரும்பாலும் சில பெருஞ்செல்வர் கையில். 1960 முதல் 1996 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு அமைந்த உண்மை அறியும் குழு 1999-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் 2,00,000-க்கு மேல் என்று அது மதிப்பிட்டது. அடையாளம் தெரிந்தவர்களுள் நூற்றுக்கு 83 பேர் மாயா பழங்குடியினர். 1980-களின் தொடக்கத்தில் சில பகுதிகளில் அரசுப் படையினர் செய்தவை இனப்படுகொலைச் செயல்களே என்றும் அக்குழு கூறியது. அந்நாட்டின் கிச்சே மாயா இனத்தில் பிறந்து, தன் குடும்பத்தினரை அக்கொடுமைக்குப் பறிகொடுத்த ரிகோபெர்த்தா மெஞ்சூ என்னும் அம்மையாருக்கு 1992-இல் அமைதிக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

படத்தில் வரும் என்ரிக்கேயும் ரோசாவும் அத்தகைய ஓர் ஊரின் அண்ணனும் தங்கையும். தந்தை அர்த்தூரோ காப்பித் தோட்டக் கூலி. செல்வருக்கு ஏழை உழவன் வலுவான இரு கைகளே தவிர வேறில்லை என்று அவர் ஒரு நாள் மகனிடம் கூறுகிறார். நிலத்துக்காக ஒன்றுகூடிப் பேசிய குற்றத்துக்காக அவர் கொல்லப்படுகிறார். தாயைப் படைவீரர்கள் கொண்டுபோய்விடுகின்றனர். எஞ்சிய இருவரும் ஞானத்தாய் ஒருத்தி சேர்த்து வைத்திருந்த சிறு பணத்தோடு வடக்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். அவ்வம்மை அமெரிக்கப் பத்திரிகைப் படங்களைப் பார்த்துப் பார்த்து, அங்கே ஏழைகள் வீட்டிலும் மின்விளக்கும் நீர்விட்டுக் கழுவும் கழிப்பறையும் உண்டு என்று நம்புகிறவள்.

மெக்சிகோவைக் கடக்கும்போது மெக்சிகோக்காரர்களைப் போலவே பேச வேண்டும். இல்லையேல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே வசைச் சொற்களை இடையிடையே சேர்த்துப் பேச என்ரிக்கேக்கு ஊர்ப் பெரியவர் கற்றுத்தருகிறார். பார்க்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும், உயிர் பிழைக்க ஒருவன் முதலில் தன் பேச்சை மறைக்க வேண்டியிருக்கிறது என்பதை எண்ணும்போது அச்சிரிப்பு அடங்கிவிடுகிறது. எல்லையைக் கடக்க, கைவிடப்பட்ட கழிவுநீர்க் குழாய் ஒன்றினுள் இருவரும் தவழ்ந்து செல்கின்றனர். அங்கே எலிக்கூட்டம் அவர்கள்மேல் பாய்கிறது. மறுமுனையில் வெளிவந்து இரவில் ஒளிரும் நகரத்தைக் கண்டு மகிழ்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் என்ரிக்கே உணவு விடுதியில் மேசை துடைக்கிறான். ரோசா தையற்கூடத்திலும், பின்னர் செல்வர் வீட்டிலும் வேலை செய்கிறாள். வீட்டுக்காரி காட்டிய சலவை இயந்திரத்தின் பொத்தான்கள் அவளுக்குப் புரியவில்லை. துணிகளைக் கையால் துவைத்துப் புல்வெளியில் வெயிலில் விரித்துவிடுகிறாள். வேலை செய்யத் தெரியாதவள் அல்லள் அவள். அவள் அறிந்த வேலைக்கு அவ்வீட்டில் மதிப்பில்லை.

அந்நாளில் அமெரிக்க அரசு இத்தகையோரை அகதிகளாக ஏற்கத் தயங்கியது. பிழைப்புக்காக வந்தவர்கள் என்றே கூறிவந்தது. 1984-இல் குவாத்தமாலாவிலிருந்து வந்து புகலிடம் கேட்டவர்களுள் நூற்றுக்கு மூவருக்குக்கூட அது கிடைக்கவில்லை. துரத்தப்பட்டவனும் உண்ண வேண்டும். அதற்கு உழைக்கவும் வேண்டும். உழைப்பதைக் கண்டவுடன், அவன் துரத்தப்பட்டதை உலகம் மறந்துவிடுகிறது.

முடிவில், குழாயில் கடித்த எலிகளால் வந்த காய்ச்சல் ரோசாவைக் கொல்கிறது. பிறந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து, வழியில் வறுமை, வந்த நாட்டில் புறக்கணிப்பு; நமக்கென்று வீடு எங்கே என்று அவள் அண்ணனிடம் கேட்டு மறைகிறாள். என்ரிக்கே கூலிக்காரர் கூட்டத்தில் நின்று, எனக்கு வலுவான கைகள் இருக்கின்றன என்று கூவுகிறான். தந்தை துயரத்தோடு கூறியதை மகன் தன் வாயாலேயே விலைகூறி விற்க வேண்டியதாயிற்று. படம் முழுவதன் பொருளும் அந்த ஒரு கூவலில் அடங்கியுள்ளது.

நண்பர்களே, இது தொலைதூரத்துக் கதை மட்டும் அன்று. நம் இரண்டு ஊர்களும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்து வறண்ட சீமையிலிருந்தும் அண்டைச் சீமைகளிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிமார் ஆள் திரட்டி இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அனுப்பினர். அவர்கள் மாயா மக்களைப் போன்ற பழங்குடியினர் அல்லர்; ஆனால் கைகளாக மட்டுமே மதிக்கப்பட்டவர்கள். 1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவராயினர். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் வகுத்தது. இலங்கையிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்களும் கப்பலேறி வந்தனர். 1977-லும் 1983-லும் வன்முறைக்கு அஞ்சி, கடல் கடந்து வடக்கே வந்தவர்கள் வேறு. ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்துச் சோதித்த மண்டபம் முகாமே, பின்னாளில் அங்கிருந்து தப்பி வந்தவர்களை வரவேற்கும் இடமாயிற்று.

ராஜபாளையம் பெயர் பெற்றதற்குக் காரணமான ராஜுக்களின் முன்னோர்களும் தெலுங்கு நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் தெற்கே வந்தவர்களே. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி, வேளாண்மையும் ஆலைத்தொழிலும் வளர்த்து, ஊரையே உருவாக்கினார்கள். வந்தவர்க்கு வேர்விட இடம் கிடைத்தால் என்ன விளையும் என்பதற்கு அவ்வூரே சான்று.

ஆகவே இப்படத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். பார்த்த பின்பு, தேநீர்க் கடையில் நிற்கும் வெளியூர் இளைஞனிடம் அவன் பெயரைக் கேளுங்கள். அவன் ஊரில் தங்கை இருக்கிறாளா என்றும் கேளுங்கள். ரோசாவுக்கு அந்நகரில் கிடைக்காமற்போன வீட்டை நம்மால் இன்று கட்டித்தர முடியாது. ஆனால், நம் தெருவுக்கு வந்து நிற்கும் ஒருவனை 'ஆள்' என்னும் சொல்லின் முதற்பொருளில் காண நம்மால் முடியும்.