எங்க கிணத்துக்கும் கொஞ்சம் தீர்த்தம்

(வானொலி மறையுரை)



நான் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கடலோரப் பங்கு ஒன்றில் பணி. ஒரு நாள் பங்கைச் சேர்ந்த ஒருவர் வந்து, "சாமி, புதுசா இறால் குளம் வெட்டியிருக்கோம். நாளைக்குக் குஞ்சு விடுறோம். நீங்க வந்து மந்திரிச்சுக் கொடுக்கணும்" என்றார். போனேன். செபித்து, கரையைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தேன். அந்தக் குடும்பத்தின் கடன் தீர வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு கோடையில் நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டு அந்த வழியாகத் திரும்பினேன். குளத்துக்கு அடுத்த தோட்டத்து அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாயில் வைத்தேன். உப்பு. அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "அந்தக் குளத்த மந்திரிச்சீங்களே சாமி, எங்க கிணத்துக்கும் கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சிட்டுப் போங்க."

சகோதரமே, இன்றுவரை அந்த வார்த்தை என்னை விடவில்லை. குளத்தைச் சுற்றி வந்த நான், வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்றைய சிந்தனைக்கு அரசர்கள் முதல் நூல், 21-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆகாபு அரசனின் அரண்மனையை ஒட்டி நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசன் அதைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். சும்மா கேட்கவில்லை, பணம் தருகிறேன், அல்லது இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்றான். நாபோத்து மறுத்தார். அது அவருடைய மூதாதையர் சொத்து. அதன்பின் நடந்தது நமக்குத் தெரியும். ஈசபேல் பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்தாள். நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டார். அரசன் தோட்டத்துக்குள் இறங்கினான். அங்கே இறைவாக்கினர் எலியா வந்து அவனைச் சந்தித்தார்.

இன்று நாபோத்தைக் கல்லால் எறிய வேண்டியதில்லை. பக்கத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் போதும். ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் நிறுத்தினால் அது 1 கோடி லிட்டர். ஏறத்தாழ நான்கு மாதம் அது அங்கேயே நிற்கிறது. அடியில் ஷீட் விரிக்காவிட்டால் மண்ணுக்குள் கசிகிறது. அறுவடை முடிந்ததும் தீவன மிச்சமும் கழிவும் கலந்த தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டால் அது அடுத்தவர் நிலத்துக்குத்தான் போகும். உளுந்தும் மிளகாயும் விளைந்த நிலம் வெளுத்துப் போனால், பிறகு அவராகவே வந்து, "வர்ற விலைக்கு எடுத்துக்கோங்க" என்று சொல்வார். பத்திரத்தில் அது விற்பனை. ஆண்டவரின் கணக்கில் அது என்ன?

இந்தக் கேள்வியை நாட்டின் முன் வைத்தவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். தம் துணைவியார் கிருஷ்ணம்மாளோடு நாகை மாவட்டத்தில் நிலமற்ற ஏழைகளுக்காக உழைத்தவர். இறால் பண்ணைகளால் விளைநிலமும் குடிநீரும் கெடுவதைக் கண்டு, எண்பது வயதில் சத்தியாகிரகம் செய்தார். உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் நேரில் ஆராய்ந்து, பண்ணைகள் தரும் வருமானத்தைவிட ஏற்படும் இழப்பே அதிகம் என்று கூறியது. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குளமாக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வேண்டும். மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளருக்கும் இழப்பீடு வேண்டும் என்றது. பின்னர் 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளுக்கு இடம் கொடுத்தது. ஆனால் பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது என்றது.

அப்படியானால் இறால் தொழிலே பாவமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி 60,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைந்த இறால். அந்தப் பணத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். குளம் வைத்தவர்கள் எல்லாரும் ஆகாபும் அல்லர். 1990-களில் வெண்புள்ளி நோய் வந்து ஒரே வாரத்தில் குளம் முழுவதும் செத்து மிதக்க, கடனோடு நின்றவர்கள் பலர். அமெரிக்காவில் வரி ஏறினால் இங்கே குளத்தங்கரையில் வயிறு கலங்குகிறது.

இன்னொருவரையும் நினைப்போம். நம் தூத்துக்குடிப் பகுதி ஆலைகளில் பனிக்கட்டிக் குளிரில் நின்று தோலுரிக்கும் பெண்கள். 2024 ஜூலையில் புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு ஆலையில் அம்மோனியா வாயு கசிந்து, சுமார் முப்பது பெண்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். ஏற்றுமதிக் கணக்கில் டன் உண்டு, டாலர் உண்டு. அந்தப் பிள்ளைகளின் மூச்சுக்கும் அந்த அம்மாவின் கிணற்றுக்கும் அதில் ஒரு வரி கிடையாது. அந்த வரியை எழுத வேண்டியவர்கள் நாம்.

நம் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். அவரே 1908-இல் கோரல் மில் தொழிலாளர் பக்கமும் நின்றார். கடல் வணிகமும் கூலிக்காரர் நியாயமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே, குளம் வைத்திருக்கிற அன்பர்களே, பண்ணையைப் பதிவு செய்யுங்கள். அடியில் ஷீட் விரியுங்கள். கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்காமல் ஓடையில் திறக்காதீர்கள். விளைநிலத்தில் குளம் வெட்டாதீர்கள். ஆலை நடத்துகிறவர்களே, வேலைக்கு வரும் பெண்களை உங்கள் மகள்களாக எண்ணுங்கள். ஊர் மக்களே, கிணறு உப்பாகிறது என்றால் கிராம சபையில் எழுந்து பேசுங்கள். ஒருவர் தனியாகப் பேசினால் நாபோத்து ஆவார். ஊரே பேசினால் கேட்டாக வேண்டும்.

அந்த அம்மாவின் கிணற்றுக்கு அன்று தீர்த்தம் தெளித்தேன். தண்ணீர் இனிக்கவில்லை. குளத்துக்காரரிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். நான் பேசப் போனபோது அந்த அம்மா நிலத்தை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வாங்கியவர் குளத்துக்காரர்தான். எலியா போக வேண்டிய நேரத்தில் நான் போகவில்லை.

அதன்பின் யார் குளம் மந்திரிக்க அழைத்தாலும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். முதலில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். பிறகுதான் தீர்த்தச் செம்பைக் கையில் எடுப்பேன்.

செபிப்போம். நீரையும் நிலத்தையும் படைத்த இறைவா, எங்கள் தொழிலை ஆசீர்வதியும். எங்கள் ஆதாயம் அடுத்தவர் கண்ணீரில் விளையாதபடி எங்களைக் காத்தருளும். பேச வேண்டிய நேரத்தில் பேசும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.