ஆகாயத்தில் ஒரு பாகப்பிரிவினை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"என்ன வேணும்னாலும் பேசுங்க, கணக்குப் போட்டுப் பயமுறுத்தாதீங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் இலங்கை வானொலி கேட்காத அறை உண்டா? கொழும்பிலிருந்து கிளம்பிய பாட்டு, பாஸ்போர்ட்டும் இல்லாமல் விசாவும் இல்லாமல் கடல் தாண்டி வந்தது. நாமும் ரசித்தோம். ஆனால் அதே அலைவரிசையில் நம் ஊர் நிலையமும் பேச ஆரம்பித்திருந்தால்? அதுவும் கேட்காது, இதுவும் கேட்காது. வானொலி அலைக்கு வரப்பும் தெரியாது, வேலியும் தெரியாது. இன்றைக்கும் தனுஷ்கோடி முனையில் போய் நின்றால் சிலருடைய கைபேசி இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு, வரவேற்புச் செய்தி காட்டுவதுண்டு. ஆகவே அலைக்கற்றை விஷயத்தில் எந்த நாடும் தனிக்குடித்தனம் நடத்த முடியாது. கூடிப் பேசித்தான் பாகம் பிரிக்க வேண்டும்.

இந்தப் பேச்சு தொடங்கியதே ஒரு மனஸ்தாபத்தில்தான். 1902இல் ஜெர்மன் பேரரசரின் தம்பி இளவரசர் ஹைன்ரிச் அமெரிக்காவுக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு நன்றி சொல்லி வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பப் பார்த்தார். கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி. கரையில் இருந்தது மார்க்கோனி கம்பெனி நிலையம். "எங்கள் கருவி இல்லாதவரோடு நாங்கள் பேசுவதில்லை" என்பது அந்தக் கம்பெனியின் கொள்கை. இளவரசராக இருந்தாலும் அதேதான்! 1903இல் பெர்லினில் முன்னோடி மாநாடு கூடியது. 1906இல் அதே ஊரில் முதல் சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தானது. யாருடைய கருவியாக இருந்தாலும் கப்பலுக்குக் கரை பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ஆபத்துக் குறியீடாக எஸ்.ஓ.எஸ். ஏற்கப்பட்டதும் அந்த மாநாட்டில்தான்.

இன்று அந்தப் பொறுப்பு ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்திடம் இருக்கிறது. ஐ.டி.யு. என்பார்கள். 1865இல் பாரிஸில் தந்திக்காகப் பிறந்த அமைப்பு, ஐ.நா. சபையைவிட 80 வயது மூத்தது. அது உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறது. நாமும் இலங்கையும் மூன்றாவது மண்டலம். 8.3 கிலோஹெர்ட்ஸிலிருந்து 275 ஜிகாஹெர்ட்ஸ் வரை எந்தத் துண்டு யாருக்கு என்று ஒரு பெரிய பட்டியல் உண்டு. விமானம், கப்பல், ரேடார், செயற்கைக்கோள், வானியல், செல்போன் எல்லாம் அதில் குடியிருக்கின்றன. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை உலக வானொலித்தொடர்பு மாநாடு கூடி அந்தப் பட்டியலைத் திருத்தும். நான்கு வாரம் நடக்கும். ஓட்டெடுப்பு நடப்பது அபூர்வம். எல்லோரும் தலையாட்டும் வரை பேச்சுதான். நம் வீட்டுப் பாகப்பிரிவினை எத்தனை நாள் இழுக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 1992இல் ஸ்பெயினில் டோரெமொலினோஸ் என்ற ஊரில் கூடிய மாநாடு, 2 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டைகளை வருங்காலக் கைபேசிக்கு என்று குறித்து வைத்தது. பிறகு வந்த 3ஜி அதில்தான் ஓடியது. 2003 மாநாடு 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 455 மெகாஹெர்ட்ஸை வை-ஃபைக்குத் திறந்தது. அதில் ரேடார்கள் ஏற்கெனவே குடியிருந்ததால், முதலில் காது கொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று தெரிந்த பிறகே பேச வேண்டும் என்று நிபந்தனை. சில சேனல்களில் உங்கள் வீட்டு ரவுட்டர் ஒரு நிமிஷம் மௌனமாக இருப்பது அதனால்தான். உலகம் முழுக்க ஒரே பட்டை என்றால் ஒரே சில்லு போதும். கோடிக்கணக்கில் செய்யலாம், விலை இறங்கும். நாட்டுக்கு ஒரு பட்டை என்றிருந்தால் நம்மில் பலர் கையில் இன்று செல்போனே இருந்திருக்காது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் எகிப்தில் ஷார்ம் எல் ஷேக் நகரில் மாநாடு. 5ஜிக்கு 24.25 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து மேலே உள்ள பட்டையைக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. கொடுக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டில் யார் தெரியுமா? 23.6 முதல் 24 வரை வானிலைச் செயற்கைக்கோள்கள். காற்றில் உள்ள நீராவி 22.235 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி மெல்லிய இயற்கை அலையைத் தருகிறது. அதை 23.8இல் கேட்டுத்தான் மேலே எவ்வளவு ஈரம் என்று செயற்கைக்கோள் கணிக்கிறது. அந்த எண்ணை மனிதன் தேர்ந்தெடுக்கவில்லை. நீர் மூலக்கூறு தேர்ந்தெடுத்தது. 5ஜியை வேறு பட்டைக்கு மாற்றலாம், நீராவியை மாற்ற முடியுமா? அந்தச் செயற்கைக்கோள் எதையும் அனுப்பாது. கேட்க மட்டும் செய்யும். டவரிலிருந்து கொஞ்சம் கசிந்தாலும் அதை நீராவி என்றே எடுத்துக்கொள்ளும். தப்பு நடந்ததே தெரியாது.

கசிவு எவ்வளவு இருக்கலாம் என்பதில்தான் சண்டை. வாக்களித்த கணக்கு இதோ. 200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அமெரிக்கா வைத்த வரம்பு மைனஸ் 20 டெசிபெல் வாட், அதாவது 10 மில்லிவாட். ஐரோப்பா கேட்டது மைனஸ் 42, அதாவது சுமார் 0.06 மில்லிவாட். இரண்டுக்கும் 158 மடங்கு வித்தியாசம்! உலக வானிலை அமைப்பு கேட்டதோ மைனஸ் 55, அது 0.003 மில்லிவாட். அமெரிக்காவுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. நாசா ஆட்சேபித்தும் அந்த வருஷம் மார்ச்சில் ஏலம் தொடங்கி, சுமார் 200 கோடி டாலர் வந்தது. மே மாதம் அந்நாட்டு வானிலைத் துறையின் தற்காலிகத் தலைவர் நீல் ஜேக்கப்ஸ், முன்னறிவிப்பின் துல்லியம் 30 சதவீதம் வரை குறைந்து 1980ஆம் ஆண்டு நிலைக்குப் போய்விடலாம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அந்த ஆய்வின் அனுமானங்களே தவறு என்றார் தொலைத்தொடர்பு ஆணையத் தலைவர் அஜித் பாய்.

கடைசியில் என்ன முடிவு? டவர்களுக்கு மைனஸ் 33, அதாவது அரை மில்லிவாட். 2027 செப்டம்பர் 1க்குப் பிறகு இயங்கத் தொடங்குபவற்றுக்கு மைனஸ் 39, அதாவது எட்டில் ஒரு மில்லிவாட். அதற்கு முன்பே நிறுவியவை பழைய வரம்பிலேயே இருந்துகொள்ளலாம். நம் கிராமத்துப் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி, நடுவிலே ஒரு கோடு. உலக வானிலை அமைப்பு கவலை தெரிவித்தது. எனக்கும் அந்த எட்டு வருஷ அவகாசம் பிடிக்கவில்லை. டவர் முதலாளிக்கு நடுக்கோடு கிடைத்தால் லாபம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீராவிக்கு ஏது நடுக்கோடு? ஆனாலும் ஒப்பந்தமே இல்லாமல் எழுந்து போயிருந்தால் நிலைமை இதைவிட மோசம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 10 மில்லிவாட்டிலிருந்து அரை மில்லிவாட்டுக்கு இறக்கியது அந்தக் கூட்டம்தான்.

இது ஏதோ வெள்ளைக்காரர் சண்டை என்று நினைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. தென்னந்தோப்பைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் முன்னாடியே எச்சரிக்கை வந்ததால் பல்லாயிரம் பேரை முகாம்களுக்குக் கொண்டுபோக முடிந்தது. புயல் கணிப்புக்கு ஓடும் கணினி மாதிரிகளுக்கு, பல நாட்டுச் செயற்கைக்கோள்கள் அளந்த ஈரமும் உள்ளே போகிறது. அதே 24.25இல் தொடங்கும் பட்டையை நம் நாடும் 2022 ஏலத்தில் விற்றது. டவர் நம்முடையது, புயலும் நம்முடையது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். அந்த மாநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு நாடும், தன் நிலைப்பாட்டுக்கு அளவீடும் கணக்கும் கையில் வைத்திருந்தால்தான் பேச்சு எடுபடும். பணக்கார நாடுகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வருகின்றன. வெப்பமண்டலக் கடற்கரையில் ஈரம் எப்படி, டவர் கசிவு எவ்வளவு என்று அளக்க நாம் வேறு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். நம் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்க நம் சங்கம் இந்த ஆண்டு நிதி சேர்க்கிறது என்று அறிந்தேன். என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். வகுப்புத் தோழர்களே, உங்களை மாலையில் தனித்தனியாகப் பிடிக்கிறேன்.