கட்டை போட்ட பிறகே இறங்குவோம்



எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத்து மலைப்பாதைகளில் பிரேக்தான் நம் உயிர்.

டிரக்டரின் இடது, வலது பின்சில்லுகளுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. பாதையில் ஓடும்போது இரண்டையும் கொளுவி இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சில்லு மட்டும் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெட்டிக்குத் தனி பிரேக் இல்லையென்றால், பாரம் முழுவதும் டிரக்டரையே தள்ளும். ஆகவே இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. சின்ன கியரிலேயே வர வேண்டும்.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது. எஞ்சினை நிறுத்தி, ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதலாம் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். பள்ளப் பக்கம் சில்லுக்குக் கட்டை. அதன் பிறகே நாம் ஏறுவதும் இறங்குவதும்.

வேலையில் அடிபட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. போன கால் அதில் திரும்பி வராது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் துரையிடம் எழுத்தில் கேட்கட்டும்: மாதமொரு பிரேக் சோதனை, வண்டிக்கு இரண்டு கட்டை. பிரேக் சரியில்லாத வண்டியை எடுக்க மாட்டேன் என்று சாரதி சொன்னால், அவரைத் தனியே விடாதீர்கள். அவர் பேசுவது நமக்காகத்தான்.